விக்கிப்பீடியாவில் ஒருவருக்குக் கட்டுரை இருக்கலாமா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒருவர் எவ்வளவு திறமைசாலி என்று விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் எடைபோடுவதில்லை. அவரோடு தொடர்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்றே பார்க்கிறார்கள். இதற்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். சொந்த இணையதளமும், நிறுவனம் விடுத்த செய்திக்குறிப்பும், பெயர் மட்டும் வந்துபோகும் ஒற்றை வரிச் செய்தியும் எத்தனை இருந்தாலும் கணக்கில் வாரா.

கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாந்து பற்றிய வரைவொன்றை, மேற்கோள்கள் போதவில்லை என்று கூறி, ஆங்கில விக்கிப்பீடியாவின் பயனர் ஒருவர் 2018 மே மாதம் திருப்பிவிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட, கட்டுரையும் அன்றே உருவானது. இத்தனைக்கும் அவர் 2013இலேயே, ஒளியியல் அறிவியலாளர்களின் சங்கமான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கென்று உள்ள தனி அளவுகோலின்படி அந்தப் பதவியே போதுமானது. வரைவைப் பார்த்தவர் சற்றுத் தேடியிருக்கலாம் என்பது என் கருத்து. எனினும், பெண் அறிவியலாளர்களைப் பற்றி ஊடகங்கள் எழுதாமல் விட்டது கலைக்களஞ்சியத்திலும் விடுபட்டுப்போகும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஏற்கெனவே வெளியான கட்டுரையில் இப்படி ஐயம் எழுந்தால், அதை நீக்கலாமா என்று பேசும் நீக்கல் உரையாடல் ஆங்கில விக்கிப்பீடியாவில் வழக்கமாக 7 நாட்கள் நடைபெறும். ஆள் திரட்டி வந்து ‘வைத்திருக்க வேண்டும்’ என்று வரிசையாக எழுதுவதால் (இது அடிக்கடி நடக்கும்) பயனில்லை. உரையாடலை முடித்துவைப்பவர் தலைகளை எண்ணாமல், வாதங்களின் வலுவையும் காட்டப்பட்ட சான்றுகளையும் பார்த்தே முடிவெடுப்பார். சில வேளைகளில் கட்டுரையை நீக்காமல், தொடர்புடைய பெரிய கட்டுரையோடு இணைத்துவிடுவதும் உண்டு.