நான் என்ன பாவம் பண்ணினேன்?

வணக்கம் ஐயா,

உங்கள் கடைசிச் சிறுகதையைப் படித்தேன். ஊரார் சீட்டுப் பணத்தைச் சுருட்டியவர் கடைசிவரை நன்றாகவே இருக்கிறார். பேத்தி கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்துகிறார், கதை முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில்தான் நியாயம் இல்லை, கதையிலாவது இருக்கக் கூடாதா?

என் அப்பா 28 வருடம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தவர். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அரிசியைப் பையில் கொட்டுவார். ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மூன்று வருடமாகப் படுக்கைதான். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் போன ஜென்மத்துக் கர்மா என்கிறார்கள். தமிழாசிரியரான என் மாமா, சிலப்பதிகாரமே அதைத்தானே சொல்கிறது என்கிறார். அப்பாவும் குழறிக் குழறி, "நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மாமா இல்லாததைச் சொல்லவில்லை. 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று சிலப்பதிகாரப் பதிகத்திலேயே இருக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் அந்தக் கணக்கை விவரமாகவே சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதன். வியாபாரம் செய்ய வந்த சங்கமன் என்பவனை, பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அழுது அலைந்து, சாபமிட்டுவிட்டு மலையிலிருந்து விழுந்து செத்தாள். அந்த வினைதான் இப்போது வந்து மூண்டது. கணக்கு எங்கும் இடிக்கவில்லை.

அதற்கு அடுத்த வரிகளையும் மாமாவோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். இவ்வளவையும் கேட்ட கண்ணகிக்கு மனம் ஆறியதா? கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். கொற்றவை கோயில் வாசலில் வளையல்களை உடைக்கிறாள். 'கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு' என்று சொல்லிவிட்டு, இரவு பகல் தெரியாமல், மேடு பள்ளம் பார்க்காமல் வைகைக் கரையோடு நடந்து போகிறாள். வந்தபோது இரண்டு பேர், போகும்போது ஒருத்தி. அந்த இரண்டு வாசல்களைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இளங்கோ ஊழை நம்பியவர்தான். அப்படி நம்பியவருக்கும், ஊழைக் கேட்டதும் அவள் துக்கம் தணிந்தது என்று எழுத மனம் வரவில்லை.

பாண்டியனையும் பாருங்கள். 'வினைவிளை காலம் ஆதலின்' அவன் தீர விசாரிக்கவில்லை என்று கவிஞரே சொல்கிறார். தப்பித்துக்கொள்ள இதைவிட வசதியான வழி ஓர் அரசனுக்குக் கிடைக்காது. கோவலன் தலையெழுத்து, நான் என்ன செய்வேன் என்று அவன் கேட்டிருக்கலாம். உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் சொன்னது 'யானோ அரசன், யானே கள்வன்'. பிழை என்னிடம் தொடங்கியது, கெடுக என் ஆயுள் என்று சொல்லி விழுந்து செத்தான். ஊழைப் பற்றி அவன் வாயில் ஒரு சொல்கூட வரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சீட்டுக்காரரைக் கடைசிப் பத்தியில் லாரியில் அடிபட வைப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. உங்களுக்கும் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் அடிபட்டவன் தப்பு செய்தவன் என்று நான் ஒரு கதை எழுதினால், அடிபட்டுக் கிடக்கிற எல்லோர் மேலும் அந்தச் சந்தேகம் விழும். உங்கள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதும் அதே கதைதான். நீங்கள் என்னிடம் கேட்கிற நியாயமும் உங்கள் வீட்டில் உங்களைக் குத்துகிற பேச்சும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறேன்.

காந்தியே இதில் சறுக்கியிருக்கிறார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக நம் பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்றார். தாகூர் துடித்துப்போனார். தீண்டாமையை அவரும் வெறுத்தவர்தான். ஆனால் அந்தப் பூகம்பத்தில் குழந்தைகளும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும்கூடச் செத்தார்களே, அவர்களைவிடக் கடுமையாகக் கண்டிக்கப்பட வேண்டியவர்கள் எங்கோ தூரத்தில் பத்திரமாக இருக்கிறார்களே என்று கேட்டு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார், தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தி மேல் எனக்குள்ள மரியாதை பெரியது. இந்த ஒரு விஷயத்தில் நான் தாகூர் பக்கம்.

அப்படியானால் நல்லது செய்து என்ன பயன் என்று அடுத்து கேட்பீர்கள். மணிமேகலையில் ஆபுத்திரன் இருக்கிறானே, அவனைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு மதுரையில் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறான். அவன் புண்ணியம் ஏறி ஏறி இந்திரனின் இருக்கையே ஆடுகிறது. இந்திரன் கூன் விழுந்த கிழவனாகத் தடி ஊன்றி வந்து, தானத்தின் பலனைத் தருகிறேன், வாங்கிக்கொள் என்கிறான். ஆபுத்திரன் இடுப்பு ஒடியச் சிரிக்கிறான். இங்கே செய்ததை அங்கே அனுபவிப்பவர்களைத் தவிர, அறம் செய்பவர் என்று யாருமே இல்லாத நாடுதானே உன் நாடு, அது எனக்கு எதற்கு என்று கேட்கிறான். பசியோடு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் 'திருந்து முகம் காட்டும் என் தெய்வக் கடிஞை', அதாவது இந்தப் பாத்திரம், போதும் என்கிறான். திருந்து முகம்! சாப்பிட்ட பிறகு தெளிந்த முகம். பலனாக அவன் கேட்டது அதைப் பார்ப்பதை மட்டும்தான். இந்திரனோ கோபத்தில் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்க வைத்து, பசித்தவரே இல்லாமல் செய்து அவனைத் தவிக்க விடுகிறான். ஒரு சமயக் காப்பியம் இப்படி எழுதத் துணிந்திருக்கிறது.

புறநானூற்றில் முடமோசியார் ஆய் வள்ளலைப் பாடும்போது, இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கொடுக்கிற 'அறவிலை வணிகன்' இவன் அல்லன் என்கிறார். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற உங்கள் அப்பாவும் அப்படிப்பட்டவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த 28 வருடமும் முழு எடை அரிசி வாங்கிப் போனவர்கள் வீட்டில் உலை கொதித்தது. அவருக்குப் பக்கவாதம் வந்ததால் அது இல்லை என்று ஆகாது.

நான் கோயிலுக்குப் போகிறவன். கர்மா பொய் என்று உங்கள் வீட்டாரோடு சண்டைக்கு நிற்கவும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம் துன்பத்துக்கு நாமே எடுத்துக்கொள்ளலாம், இன்னொருவர் படுக்கைக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லக் கூடாது.

என் அம்மா கடைசி மாதங்களில் ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் இருந்தார். உங்கள் அப்பா கேட்பதைத்தான் அவரும் கேட்டார். பத்துப் புத்தகம் எழுதிய எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. சிக்குப் பிடித்துக் கிடந்த என் அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தார். "நீ ஒண்ணும் பண்ணலக்கா. உடம்புன்னா வரும். நீ ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டே வாரினார். அம்மா அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, உணர்ச்சி இருக்கிற அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒண்ணும் பண்ணலப்பா" என்று சொல்லுங்கள். நாளைக்கும் கேட்பார். நாளைக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்.