கைப்பேசியைப் பிடுங்கும் முன் ஒரு கூட்டாளியைத் தேடுங்கள்

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பேசியை எடுத்தால் இரவுவரை கீழே வைப்பதில்லை. பிடுங்கினால் ஆர்ப்பாட்டம் செய்கிறான். விளையாட அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறான். என்ன செய்வது?

குழந்தைநல மருத்துவரின் பதில்: கார்கள் நிறைந்த தரைத்தளத்தில் தனியாக நிற்கும் ஏழு வயதுப் பையன் திரும்பி வராமல் வேறென்ன செய்வான்? அவனுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கூட்டாளி. உங்கள் குடியிருப்பில் அவன் வயதையொட்டிய பிள்ளைகள் உள்ள இரண்டு மூன்று வீடுகளில் பேசி, மாலை 5 முதல் 6 மணி வரை எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கி வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர் ஒருவர் முறைவைத்து உடன் இருந்தால் போதும். நொண்டிக்கும் 'கல்லா மண்ணா'வுக்கும் மைதானம் வேண்டியதில்லை. வண்டிகள் வந்துபோகாத ஒரு மூலையும் ஒரு சாக்கட்டியும் போதும். மொட்டைமாடி என்றால் மட்டும் ஒரு கணமும் தனியே விடாதீர்கள்.

அடுத்தது, வரிசை. தொடங்கிய காணொளியைப் பாதியில் நிறுத்தச் சொல்வதே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் என்பதால், பள்ளியிலிருந்து வந்ததும் சிற்றுண்டி, உடனே விளையாட்டு, கைப்பேசி அதன் பிறகுதான் என்று மாற்றிவிடுங்கள். முதல் சில நாட்கள் 'போரடிக்கிறது' என்று முனகுவான். அதற்காக நீங்கள் ஒவ்வொரு நிமிடமும் விளையாட்டுக் காட்ட வேண்டியதில்லை. முழங்காலில் சிராய்ப்போடு வந்தால் கழுவி மருந்திடுங்கள், மறுநாள் தடுக்காதீர்கள்.

5 முதல் 17 வயதுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலரும் கவனிக்காத இன்னொரு பலன் கண்ணுக்கானது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற நேரம் அளித்துச் செய்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டோர் அந்தப் பள்ளிகளில் சுமார் 30 விழுக்காடு, வழக்கமான பள்ளிகளில் சுமார் 40 விழுக்காடு. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண்விழி அளவுக்குமேல் நீள்வதைத் தடுக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் முதன்மையான விளக்கம். ஆகவே இருட்டுவதற்கு முன்பே விளையாட அனுப்புங்கள். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட குறைபாட்டை இது நீக்காது.

கூட்டாளிகள் கிடைத்த பிறகும் அவன் ஒதுங்கியே நின்றாலோ, சிறிது ஓடியதும் இருமி இளைத்தாலோ, கரும்பலகையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாலோ, பிடிவாதம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.