வலியில்லாமல் வளரும் கண் கட்டி: துண்டு வெட்டிப் பார்க்கலாமா?

கண்ணை எடுக்க மாட்டார்கள். நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வலது மேல் இமையின் வெளி ஓரம் இரண்டு வருடமாக வலியில்லாமல் புடைத்து வருகிறது, கண் கீழாகவும் மூக்குப் பக்கமாகவும் தள்ளிப்போயிருக்கிறது, சி.டி. ஸ்கேனில் எலும்பு அரிக்கப்படாமல் வழவழப்பாகக் குழிந்திருக்கிறது. 41 வயதில் இப்படி என்றால், கண்ணீர்ச் சுரப்பியில் வரும் ப்ளியோமார்ஃபிக் அடினோமாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அரிதான கட்டி, புற்றுநோய் அல்ல.

செல்போன், கண் மை, தலைக்குக் குளித்தது எதுவும் காரணமில்லை. மருந்துக்கடையில் கேட்டு மூன்று மாதமாகப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். அதனால் இந்தக் கட்டி கரையாது, கண் அழுத்தம்தான் ஏறும். அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஒரு துண்டு வெட்டி பயாப்ஸி பார்ப்போம் என்றார்களே, அதற்குச் சம்மதிக்காமல் வந்தது நல்லதாயிற்று. மற்ற பல கட்டிகளுக்கு அதுதான் முறை, இதற்கு இல்லை. இதன் உறை மெல்லியது, அதில் சிறு மொட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். கீறினால் செல்கள் கண்குழிக் கொழுப்பில் சிந்தி, சில வருடம் கழித்துப் பல முடிச்சுகளாக முளைக்கலாம். அவற்றில் சில புற்றாகவும் மாறலாம். 1978-இல் வந்த ஓர் ஆய்வில், உறையோடு முழுசாக எடுத்தவர்களில் ஐந்து வருடத்துக்குள் திரும்ப வந்தது சுமார் 3 சதவீதம். முதலில் கீறிப் பார்த்தவர்களில் 32.

ஆகவே முழுக் கட்டியையும் எடுப்பதே பரிசோதனை, அதுவே சிகிச்சை. முழு மயக்கத்தில், இமை மடிப்பிலோ கண்ணின் வெளி ஓரத்திலோ கீறி, கண்குழியின் வெளிவிளிம்பு எலும்பைத் தற்காலிகமாகக் கழற்றுவார்கள். கட்டியை இடுக்கியால் கவ்வாமல், சுற்றியுள்ள திசுவோடு சேர்த்துப் பிரித்தெடுத்து, எலும்பைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். இதை ஆகுலோபிளாஸ்டி (இமை, கண்குழி அறுவை சிகிச்சை) நிபுணரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். உறை கிழியாமல் வந்ததா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிழிந்திருந்தால் பல வருடம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும். சுரப்பி போவதால் கண் உலரலாம். அதற்குச் செயற்கைக் கண்ணீர் போதும்.

ஆனால் சில அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வலி, நெற்றிப் பொட்டில் மரத்துப்போதல், சில மாதத்திலேயே வேகமாகப் பெருத்தல், ஸ்கேனில் எலும்பு அரிப்பு என்றால் கணக்கு தலைகீழ்: புற்றைச் சந்தேகித்து முதலில் பயாப்ஸிதான் செய்ய வேண்டும். அப்படி ஏதாவது தொடங்கினால், ஆபரேஷன் தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே போய்விடுங்கள்.