கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ரூட்டர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22. பி.காம். முடித்துவிட்டு ஓராண்டாக ஒரு கம்ப்யூட்டர் கடையில் பிரிண்டர் பழுது பார்க்கிறேன். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. எனக்கு நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்குப் போக ஆசை. மூன்று வழிகள் தெரிகின்றன. திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனம் ஆறு மாதப் படிப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ., மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.இ. என்ற இரண்டு சான்றிதழ்ப் படிப்பும் சேர்த்து, 'நூறு சதவீத வேலை உறுதி' என்கிறார்கள். மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய மையம் மூன்று மாத மாலை வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் இதற்கென்றே ஒரு பிரிவு இருப்பதாக நண்பன் சொல்கிறான். பட்டம் வாங்கிய பிறகு ஐ.டி.ஐ.யா என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். எதில் சேரட்டும்?
- ஒரு வாசகர், அருமனை

பதில்: தம்பி, பணம் கட்டுவதற்கு முன் கடைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் குழித்துறையில் ரயில் ஏறுங்கள். அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தின் வரவேற்பறையில் வழுவழுப்பான புத்தகம் ஒன்று தருவார்கள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "லேபைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். லேபில் ரூட்டரும் (நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைப்பது) ஸ்விட்சும் (ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் சேர்ப்பது) எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மேஜைமேல், மாணவர் கையெட்டும் இடத்தில், கேபிள்கள் தாறுமாறாகத் தொங்கிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு பேசலாம். கண்ணாடி அலமாரிக்குள் இருந்தால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுங்கள்.

சொந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். 2003-இல் நானும் அதே நகரத்தில் பணம் கட்டிப் படித்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், இப்போது அங்கே துணிக்கடை நடக்கிறது. வகுப்பில் நாற்பது பேர், ரூட்டர் இரண்டு. இரண்டும் கண்ணாடிக்குள் சாமி விக்கிரகம் போல இருக்கும். சாவி ஆசிரியரிடம், ஆசிரியரோ வாரத்தில் பாதி நாள் கொச்சியில். ஐந்து மாதத்தில் ரூட்டருக்குக் கட்டளை கொடுக்கும் கன்சோல் கேபிளை நான் தொட்டது இரண்டே தடவை. ஆனால் நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்லும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளை மேலிருந்தும் கீழிருந்தும் ஒப்பிப்பேன். முதல் வேலையில் சேர்ந்த அன்று, ஒரு கேபிள் நுனியில் ஆர்.ஜே.45 என்ற பிளாஸ்டிக் முனையை மாட்டிக் கொடு என்றார்கள். மூன்றைப் பாழாக்கினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையை எனக்குச் சொல்லித்தந்தவர் அந்த அலுவலகத்தில் மின்வேலை பார்த்த பாறசாலைக்காரர். எட்டு இழைகளையும் கட்டைவிரலால் தடவித் தடவி நேராக்கி, ஒரே வெட்டில் நுனியைச் சமமாக்குவார். பள்ளிப் படிப்பை முடிக்காத மனிதர். கடைசிவரை அவரை ஆசான் என்றுதான் அழைத்தேன்.

இனி அந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்கு வருவோம். எம்.சி.எஸ்.இ. சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இல்லாத தேர்வுக்கு எப்படித் தயார்செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சி.சி.என்.ஏ. உயிரோடு இருக்கிறது, ஆனால் அதுவும் பழைய உருவத்தில் இல்லை. ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ் என்று தனித்தனிக் கிளைகளாக இருந்ததை 2020 பிப்ரவரி 24 முதல் ஒரே தேர்வாக்கிவிட்டார்கள். எண் 200-301, நேரம் 120 நிமிடம். நெட்வொர்க்கை நிரல் எழுதி நடத்தும் தானியங்கி நிர்வாகம் பற்றியும் இப்போது கேள்விகள் வருகின்றன. அவர்கள் தரும் பாடநூலில் இந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. ரூபாயில் 25,000-ஐத் தாண்டும். இது அந்த 85,000-க்குள் அடக்கமா, வெளியேயா? பல இடங்களில் வெளியேதான். படிப்பு முடிந்ததும் அவர்களே அச்சடித்த, தங்க நிற விளிம்பு போட்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் சி.சி.என்.ஏ. என்று பெரிதாகவும் 'பயிற்சி பெற்றார்' என்று சிறிதாகவும் இருக்கும். சிஸ்கோ தரும் சான்றிதழ் வேறு. அது தேர்வு எழுதித் தேறினால்தான் வரும், மூன்று ஆண்டுதான் செல்லும். 'வேலை உறுதி' என்கிறார்களே, அதை ரசீதின் பின்பக்கம் தேடிப் பாருங்கள். சுவரில் 'உறுதி' என்று இருப்பது ரசீதின் பொடி எழுத்தில் 'உதவி' என்று சுருங்கியிருக்கும்.

மார்த்தாண்டத்து மையத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சின்ன இடம் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். மாலை வகுப்பு எடுப்பவர் பகலில் எங்காவது நெட்வொர்க் வேலை பார்ப்பவராக இருந்தால் அதுவே பெரிய சொத்து. அவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "நீங்களே ஒரு கோளாறைச் செய்து வைத்து, எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வீர்களா?"

ஏன் இந்தக் கேள்வி என்றால், சில ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் காலை ஒன்பதரைக்கு டோக்கன் போட முடியவில்லை. "நெட் போயி" என்று போன். போய்ப் பார்த்தால் வரவேற்பில் பத்துக் கம்ப்யூட்டர்களில் ஆறு ஓடுகின்றன, நான்கு ஓடவில்லை. எல்லோரும் இணையச் சேவைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இணையம் போயிருந்தால் பத்தும் அல்லவா போயிருக்க வேண்டும்? நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தரப்படும் எண்ணான ஐ.பி. முகவரிகளைப் பார்த்தேன். ஓடுகிற ஆறிலும் 10 என்று தொடங்கும் முகவரி, ஓடாத நான்கிலும் 192.168 என்று தொடங்கும் முகவரி. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு முகவரியை நான் யாருக்கும் ஒதுக்கியதே இல்லை. முகவரி வழங்கும் வேலையை உள்ளே வேறு யாரோ செய்கிறார்கள். முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. முறையின் சுபாவம் அது: கம்ப்யூட்டர் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று பொதுவாகக் கூவும், முதலில் பதில் சொன்னவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். நல்லவரா, போலியா என்று பார்க்காது.

அந்த நான்கும் வெளியே போகும் வாசலாக நம்பிய போலிக் கேட்வேயின் மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, எடுத்து, ஸ்விட்சில் அது எந்தப் போர்ட் (கேபிள் செருகும் துளை) வழியாக வருகிறது என்று பார்த்தேன். 17. கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மருந்துக் கிடங்கு. குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு ஆன்டெனாக்கள் எட்டிப் பார்த்தன. வீட்டில் சும்மா கிடந்த வைஃபை பெட்டியை யாரோ செல்போனுக்காகக் கொண்டுவந்து, சுவரிலிருந்து வந்த கேபிளை இணையம் உள்ளே வரும் நீலத் துளையில் செருகாமல் கம்ப்யூட்டர்களை இணைக்கும் மஞ்சள் துளையில் செருகிவிட்டார். அந்தப் பெட்டியே முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. மொத்தம் இருபது நிமிட வேலை. அதற்குள் பத்துப் பேர் என்னிடம் பத்துவிதமாகக் கத்தியிருந்தார்கள்.

நெட்வொர்க் சப்போர்ட் என்பது இதுதான், தம்பி. கத்துகிறவரிடம் "எல்லாருக்கும் போய்விட்டதா, உங்களுக்கு மட்டுமா? நேற்று என்ன மாற்றினீர்கள்?" என்று பதறாமல் கேட்கத் தெரிய வேண்டும். பிரிண்டர் கடையில் ஓராண்டு நின்ற உங்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே வந்திருக்கும். அருமனைக்காரருக்கு மலையாளமும் தண்ணீர்பட்ட பாடு. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா 1990-இல் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறார்கள். போனில் தமிழிலும் மலையாளத்திலும் ஆறுதலாகப் பேசத் தெரிந்தவரை அங்கே விடமாட்டார்கள். தொடக்கச் சம்பளம் மட்டும் உங்கள் கனவை எட்டாது, இரவு ஷிப்டும் வரும். வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஐ.டி.ஐ.யைப் பார்த்து முகம் சுளிக்க ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு என்று ஒரு தொழிற்பிரிவு உண்டு, பத்தாம் வகுப்பு தேறியவர் சேரலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விசாரிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால் அவனை அங்கேதான் அனுப்பச் சொல்வேன். நீங்கள் ஓராண்டுச் சம்பளத்தை விட வேண்டியிருக்கும் என்பதால்தான் தயங்குகிறேன்.

என் யோசனை: கடை வேலையை விடாமல் மார்த்தாண்டத்து மாலை வகுப்பு, மேலே சொன்ன கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலேயே அதில் இருபது ரூட்டர்களை இணைத்து உடைத்து விளையாடலாம், யாரும் சாவி கேட்கமாட்டார்கள். ஆர்.ஜே.45 மாட்டும் கிரிம்பிங் கருவி ஒன்றும் நாலு மீட்டர் கேபிளும் சொந்தமாக வாங்குங்கள். தேர்வுக்கான பணத்தை மாதாமாதம் ஒதுக்குங்கள். நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைத் தாளில் போட்டுப் பழகுங்கள். /26 என்ற அளவுள்ள பகுதியில் 62 கருவிகள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். பி.காம்.காரருக்குக் கணக்கு பயமா என்ன?

கேள்வி: சார், என் மகள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறாள். நெட்வொர்க்கிங் படிக்கிறேன் என்கிறாள். ஏணியில் ஏறிக் கேபிள் இழுக்கிற வேலை, பெண்பிள்ளைக்கு எதற்கு என்கிறார் என் அண்ணன். அனுப்பலாமா?
- ஒரு தாய், கொல்லங்கோடு

பதில்: உங்கள் அண்ணன் ஏணியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். கண்காணிப்பு மையம் என்று ஒன்று இருக்கிறது. சுவர் நிறையத் திரைகள், எந்த ஊர்க் கிளையில் எந்த இணைப்பு விழுந்தது என்று சிவப்பில் காட்டும். பார்த்து, டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டு, உரியவரை எழுப்பி, சரியாகும்வரை விடாமல் துரத்துவது அங்கே வேலை. நான் பார்த்த அத்தகைய மையத்தில் ஷிப்டை நடத்தியவர் ஒரு பெண். அவர் போன் வந்தால் களத்தில் இருக்கிற நாங்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவோம். மகள் ஏணியில் ஏறவும் ஆசைப்பட்டால் ஏறட்டும், தென்னையில் ஏறுவதைவிட எளிது. நீங்கள் கேட்க வேண்டியது இரவு ஷிப்டுக்கு வீடுவரை வண்டி விடுவார்களா என்பது. அதை வேலையில் சேருமுன் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: முப்பது வருடமாகக் கேபிள் டி.வி. நடத்துகிறேன். இணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. மகனை ஃபைபர் படிப்பில் சேர்க்க நினைக்கிறேன். பிழைப்பு இருக்குமா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அண்ணாச்சி, நீங்கள் ஏற்கெனவே பாதி வழியில் நிற்கிறீர்கள். எந்தக் கம்பத்தில் எவர் வீட்டுப் பலாக்கிளை உரசும் என்ற அறிவை எந்த வகுப்பிலும் விற்பதில்லை. கேரளத்தில் அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது, இந்தப் பக்கம் தமிழக அரசின் டான்ஃபிநெட் இருக்கிறது, தனியாரும் வீடுவீடாகப் போகிறார்கள். இழுத்த இழை அறுந்துகொண்டுதான் இருக்கும்.

படிப்பு என்று பார்த்தால், இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை மாணவர் கையில் தருகிற இடமாக இருக்க வேண்டும். மேலுறை உரித்த இழையின் மொத்தக் கனம் 125 மைக்ரான், ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். நுனியைச் சீவுவதில் கொஞ்சம் பிசகினாலும் இயந்திரம் சேர்க்க மறுக்கும். இதைப் பலகையில் படம் போட்டுக் கற்றுத்தர முடியாது. நூறு தடவை வீணாக்க வேண்டும், அந்த வீண் செலவு கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள். வீட்டு இணையப் பெட்டியில் ஒளியின் அளவு மைனஸ் 27 டி.பி.எம்.முக்குக் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) கீழே இறங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அளந்து பார்த்து, இழையின் எந்த ஒட்டில் ஒளி கசிகிறது என்று தேடுகிறவனுக்குத்தான் இன்று மரியாதை.

கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, அதனால் இடிக்குப் பயமில்லை என்று சொல்லித் தருவார்கள். நம் ஊர் ஐப்பசி இடி அவர்களுக்குத் தெரியாது. இழையைத் தாங்கிப் போகிற இரும்புக் கம்பி வழியாக அது உள்ளே ஏறும், வீட்டுப் பெட்டி கருகும். பணம் கட்டுமுன் ஒளியை அளக்கும் ஒரு பவர் மீட்டரை மகன் கையில் கொடுத்து இரண்டு வாரம் உங்களோடு லைனுக்கு அழைத்துப் போங்கள். மழை வெறித்த பிறகு.