லயத்தை அடைத்த நாள்களுக்குச் சம்பளம் யார் தருவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் 9 ஆண்டாகத் தோட்டத்துச் செக்ரோலில் (நேரடி ஆள் பதிவேட்டில்) உரம் போடும் வேலை செய்கிறார். நாள் சம்பளம் 68 வெள்ளி (ரிங்கிட்). நான் 4 ஆண்டாக அதே தோட்டத்தில் காண்ட்ராக்டரிடம் மருந்து தெளிக்கிறேன். நாளுக்கு 66 வெள்ளி, கையில் காசு, கடிதம் கிடையாது. போன மாதம் லயத்தில் தொற்றுக் காய்ச்சல் பரவியது. கணவருக்கு 3 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று). அதன்பின் சுகாதார இலாகா எங்கள் வரிசை வீடுகளை 10 நாள் தனிமைப்படுத்தியது. அது முடிந்து வேலைக்குப் போனால், மேற்பார்க்கும் மண்டோர் ஆள் போதவில்லை, அதனால் வேலை இல்லை என்று 6 நாள் திருப்பி அனுப்பினார். சம்பளச் சீட்டில் வேலை செய்த 7 நாளுக்கு மட்டும் 476 வெள்ளி. மற்ற 18 நாளுக்கும் 'தீடாக் ஹாடிர்' (வேலைக்கு வரவில்லை) என்று இருக்கிறது. எம்.சி. அரசாங்கக் கிளினிக்கில் எடுத்ததாம், செல்லாது என்கிறார் தோட்ட அலுவலகக் கிராணி. காண்ட்ராக்டர் எனக்கு இன்றுவரை வேலை தரவில்லை. நானே விலகுவதாக மலாயில் ஒரு கடிதம் எழுதி வந்து, கையெழுத்துப் போட்டால் 300 வெள்ளி தருகிறேன் என்கிறார். பக்கத்து லயத்தில் இருக்கும் என் தம்பி நாசி லெமாக் கடைக்காரர். அவருக்கும் 10 நாள் வியாபாரம் போனது. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் காண்ட்ராக்டர் நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டில் 18 நாளையும் ஒரே பெயரில் போட்டிருக்கிறார்களே, கோளாறு அங்கேதான். அந்த 18 நாளும் ஒரே வகை அல்ல. எம்.சி. 3 நாள். தனிமைப்படுத்தல் 10 நாளில் ஒரு ஞாயிறு போக 9 வேலை நாள். வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியது 6 நாள். மூன்றுக்கும் சட்டம் வேறு, கிடைக்கும் வாய்ப்பும் வேறு. தொழிலாளர் இலாகாவில் போய் "18 நாள் சம்பளம் தரவில்லை" என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தால், நிர்வாகம் அதில் பலவீனமான பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு முழுக் கோரிக்கையையும் அடித்துப் போடப் பார்க்கும். மூன்று தலைப்பில், மூன்று தொகையாக எழுதுங்கள்.

எம்.சி. நாள்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்தில் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுத்தால் தனியாக 60 நாள். பேனல் கிளினிக் எம்.சி.தான் வேண்டும் என்று கிராணி சொல்வது பாதி உண்மை. நிர்வாகம் நியமித்த மருத்துவரிடம் போக வேண்டும் என்பது விதிதான். ஆனால் நோயின் தன்மையைப் பார்க்கும்போது அவர் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ கிடைக்காவிட்டால், வேறு பதிவு பெற்ற மருத்துவரோ அரசாங்க மருத்துவ அதிகாரியோ தரும் எம்.சி. செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. காய்ச்சல் வந்த நேரத்தில் பேனல் கிளினிக் மூடியிருந்ததா, எத்தனை கிலோமீட்டர், பஸ் உண்டா என்பதை எழுதி வையுங்கள். இதைவிட முக்கியம் 48 மணி நேரம். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எம்.சி. கையில் இருந்தாலும் அனுமதியில்லாமல் வராதவர் ஆகிவிடுவார். மண்டோருக்கு எம்.சி.யைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பியிருந்தால் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் பிடித்து வையுங்கள். வாயால் சொன்னதாக மட்டும் இருந்தால், பக்கத்தில் நின்று கேட்டவர் சாட்சியாக வர வேண்டியிருக்கும். தொகை 3 × 68 = 204 ரிங்கிட்.

திருப்பி அனுப்பிய 6 நாள். இதில்தான் உங்கள் கணவரின் பிடி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் தோட்டத்துக்காரர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. வேலைச் சட்டத்தின் 16வது பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தர முடியாவிட்டால், அவர் வேலை செய்யத் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்த அந்த நாள்களுக்கு வேலை செய்ததாகவே எண்ணிச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 6 நாளுக்கு மேல் கணக்கில் சேராது, அவ்வளவுதான். ஆள் போதவில்லை என்பது நிர்வாகத்தின் பிரச்சினை. அரசாங்கம் மூடியது வீட்டு வரிசைகளைத்தான், தோட்டத்தை அல்ல. 6 × 68 = 408 ரிங்கிட்.

இதற்கு நிர்வாகம் இரண்டு பதில் வைத்திருக்கும். ஒன்று, "அவர் காய்ச்சல்காரர், உடல் தகுதி இல்லை." தனிமைப்படுத்தல் முடிந்ததாகச் சுகாதார இலாகா தந்த விடுவிப்புத் தாளைக் காட்டுங்கள். தகுதி பற்றிய தகராறு வந்தால் முடிவு சொல்வது தொழிலாளர் இலாகா, தோட்டத்து மருந்தக டிரெசர் அல்ல. இரண்டாவது, "எதிர்பாராத நோய், எங்கள் கையில் இல்லை." கோவிட் காலத்தில் நாடாளுமன்றம் 2020இல் இயற்றிய 829வது சட்டம், ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போன சில தொழில்களுக்கு விலக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் வேலை ஒப்பந்தம் சேர்க்கப்படவில்லை. ஊரே மூடிக் கிடந்தபோதே தராத விலக்கை, ஒரு லயத்துக் காய்ச்சலைக் காட்டி ஒரு தோட்டம் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு எச்சரிக்கை: குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று வாங்கும் அறுவடைக்காரர்களுக்கு 16வது பிரிவு பொருந்துமா என்பதில் நிர்வாகம் சண்டை போடும். அவர்கள் குறைந்தபட்ச சம்பள ஆணையையும், தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டு ஒப்பந்தம் தங்கள் தோட்டத்துக்கு உண்டென்றால் அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

தனிமைப்படுத்திய 9 நாள். உண்மையைச் சொல்கிறேன், மூன்றில் இதுதான் இழுபறி. 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 15வது பிரிவில் அதிகாரி வீட்டில் இருக்கச் சொன்னால் இருந்தே ஆக வேண்டும், மீறினால் குற்றம். ஆனால் அந்த நாளுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும் என்று வேலைச் சட்டத்தில் நேரடியாக ஒரு வரி இல்லை. 2020 பிப்ரவரியில் மனிதவள அமைச்சு விட்ட வழிகாட்டி, மருத்துவ அதிகாரி தனிமைப்படுத்தியவருக்கு முழுச் சம்பளம் தரச் சொன்னது, வருடாந்திர விடுப்பையோ சம்பளமில்லா விடுப்பையோ எடுக்க வைக்கக் கூடாது என்றது. வழிகாட்டி சட்டம் ஆகாது. இலாகா அதிகாரி முன் சமரசம் பேசும்போது அதற்கு எடை உண்டு, வழக்கில் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. எனவே வேறொரு கதவையும் தட்டுங்கள். தனிமையில் இருந்தபோது கணவருக்குக் காய்ச்சல் நீடித்திருந்தால், அப்போது பார்த்த மருத்துவ அதிகாரியிடம் கிளினிக் பதிவேட்டின்படி அந்த நாள்களுக்கு நோய்ச் சான்று தர முடியுமா என்று கேளுங்கள். அவருக்கு இந்த வருடம் வேறு எம்.சி. இல்லையென்றால் இன்னும் 19 நாள் மிச்சம் இருக்கிறது. கோரிக்கையில் 9 × 68 = 612 என்று தனியாக எழுதுங்கள். அதில் கொஞ்சம் குறைத்துச் சமரசம் பேசினாலும் மற்ற 612 ரிங்கிட்டைத் தொட விடாதீர்கள். 204உம் 408உம் சேர்ந்தாலும் அதே 612தான் வருகிறது, எண்களைக் குழப்பிவிடாதபடி கவனம்.

பணம் எப்படிப் போனாலும் 'தீடாக் ஹாடிர்' என்பதை நீக்கச் சொல்லி நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலைச் சட்டத்தின் 15வது பிரிவின்படி, அனுமதியும் நியாயமான காரணமும் இல்லாமல், தகவலும் சொல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகிறார். இன்று சம்பளத்தைக் குறைக்கப் போட்ட அந்தச் சொல், ஆறு மாதம் கழித்து ஆள்குறைப்பு வரும்போது அவரை வெறுங்கையோடு அனுப்பப் பயன்படும்.

இப்போது உங்கள் விஷயம். கடிதம் இல்லையென்றால் வேலைக்காரி இல்லை என்று காண்ட்ராக்டர் நினைக்கிறார். சட்டத்தில் வேலை ஒப்பந்தம் என்பது வாய்மொழியாகவும் இருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் தர வேண்டியது அவர் கடமை, தராதது அவர் தவறு. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத்தின் 101சி பிரிவு, கடிதம் இல்லாதவரையும் தொழிலாளி என்று அனுமானிக்கச் சில அடையாளங்களைச் சொல்கிறது: வேலையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது யார், கருவி யாருடையது, வேலை அவர் தொழிலின் பகுதியா, குறித்த இடைவெளியில் வரும் அந்தப் பணம்தான் உங்கள் வருமானத்தில் பெரும்பகுதியா. வாசகப்படி அந்த அனுமானம் குற்ற வழக்குக்கானது. ஆனாலும் சம்பளக் கோரிக்கையில் நீங்கள் நிரூபிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான். எந்தப் பிளாக் என்று அவருடைய மண்டோர் அனுப்பிய புலனச் செய்தி, அவர் தந்த தெளிப்பான் தொட்டியைத் தோளில் மாட்டி நிற்கும் படம், காசு வாங்கிய தேதிகளை நீங்கள் குறித்த நோட்டு, கூட வேலை செய்த இரண்டு பேர். இவ்வளவு போதும்.

அந்த 300 வெள்ளிக் கடிதத்துக்கு வருவோம். நீங்களே விலகினால் எல்லாம் போய்விடும். அவர் நிறுத்தினால், 2 முதல் 5 ஆண்டு வரை வேலை செய்தவருக்கு 6 வார நோட்டீஸ். உங்கள் கணக்கில் 36 வேலை நாள், 2,376 ரிங்கிட். அதோடு 1980ஆம் ஆண்டு வேலைநீக்கப் பயன் விதிகளின்படி ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 4 ஆண்டுக்கு 60 நாள். கடந்த 12 மாதச் சராசரியை வைத்துக் கணக்கிட்டாலும் 3,000 ரிங்கிட்டைத் தாண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் தானாக விலகியவர் தகுதி பெறமாட்டார். தகுதி உள்ளவர் வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காண்ட்ராக்டர் உங்கள் பெயரில் சந்தாவே கட்டவில்லையா என்பதைப் பெர்கேசோ கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டி முதலில் கேளுங்கள். கட்டவில்லையென்றால் அங்கேயே புகார் கொடுங்கள்.

அவர் நிறுத்தவும் இல்லை, வேலையும் தரவில்லை என்று இழுத்தால்? தொடர்ந்த 4 வாரத்தில் 12 வேலை நாளுக்குக் குறைவாக வேலை தந்து, அந்த நாள்களுக்குச் சம்பளமும் இல்லையென்றால் அதுவே 'லே-ஆஃப்', அதே பயன் பணம் உண்டு என்கின்றன 1980 விதிகள். தனிமைப்படுத்தல் முடிந்த மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். 16வது பிரிவின் 24 நாள் சம்பளமும் உங்களுக்குப் பொருந்தலாம். இரண்டும் ஒரே காலத்துக்கு ஒன்றாகக் கிடைக்காது, ஆகவே ஒன்றை முதல் கோரிக்கையாகவும் மற்றதை மாற்றுக் கோரிக்கையாகவும் எழுதச் சொல்லுங்கள். வேலைக்குத் திரும்பவும் எடுக்க வேண்டும் என்று விரும்பினால் அது வேறு வழி: 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் 20வது பிரிவில், நிறுத்திய 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவுக்கு மனு.

வேலைச் சட்டத்தின் 33வது பிரிவை மறக்காதீர்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், அவருக்கு வேலை கொடுத்த தோட்ட நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு, தொடர்ச்சியான 3 மாதச் சம்பளம் வரை. ஆனால் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் கோரிக்கை பதிவாகியிருக்க வேண்டும். சம்பளம் மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள் தர வேண்டியது, அங்கிருந்து எண்ணுங்கள். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சை நம்பிப் பலர் இந்த 90 நாளைத் தாண்ட விடுகிறார்கள், பிறகு காண்ட்ராக்டரின் கைப்பேசி அணைந்து கிடக்கும். வேலைநீக்கப் பயன் இதில் சேராது, அது காண்ட்ராக்டர் தலையில்தான்.

நீங்களும் கணவரும் தனித்தனியாக 69வது பிரிவுக் கோரிக்கை போட வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உங்கள் கோரிக்கையில் காண்ட்ராக்டரையும் தோட்ட நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாக எழுதுங்கள். தனிமைப்படுத்தும் ஆணையின் அசலைக் கிராணி கேட்டால் நகலைக் கொடுங்கள். பக்கத்து வீட்டு வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் இதே நிலை என்றால் அவர்களுக்கும் சம்பளம், எம்.சி., 16வது பிரிவு எல்லாம் ஒன்றுதான். வேலையிழப்புக் காப்புறுதி மட்டும் அவர்களுக்கு இல்லை.

தம்பிக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. முதலாளி இல்லாதவருக்கு, தனிமைப்படுத்தியதால் போன வியாபாரத்துக்கு யாரிடமும் சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது. ஆணையின் நகலோடு சமூகநல இலாகாவில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், அது அவர்கள் பரிசீலனை. இனிமேலுக்கு, சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோவின் லிண்டுங் கெண்டிரி காப்புறுதி 2020 முதல் சிறுவியாபாரிகளுக்கும் திறந்திருக்கிறது. குறைந்த திட்டம் வருடத்துக்கு 157.20 ரிங்கிட். அது வேலையில் ஏற்படும் விபத்துக்கும் தொழில்சார்ந்த நோய்க்கும்தான், கடை மூடிய நாளுக்கு அல்ல. நோய் வந்த பிறகு கட்டினால் அந்த நோய்க்கு உதவாது.