புல்டோசருக்கு ஸ்பிரிங் எங்கே?

கேள்வி: லாரிக்கு லீஃப் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிடக் கனமான புல்டோசரில் அப்படி எதையும் காணோமே, சஸ்பென்ஷனே கிடையாதா? சில புல்டோசர்களில் மட்டும் செயின் முக்கோணமாக ஓடுவது ஏன்?

பதில்: சஸ்பென்ஷன் உண்டு, ஆனால் ஓட்டுநரைக் குலுங்காமல் காப்பது அதன் முதல் வேலையன்று. மணிக்கு 10, 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத இந்த வண்டிக்கு, செயின் கூடியவரை முழு நீளத்துக்கும் தரையைப் பற்றியிருப்பதே முக்கியம். உடல் மெத்தென்ற ஸ்பிரிங் மேல் ஆடினால் பிளேடும் சேர்ந்து ஆடி, சமன்படுத்திய தரை அலையலையாகிவிடும். எனவே இரு பக்கச் செயின் சட்டங்களும் பின்புறம் ஒரு குறுக்குத் தண்டில் ஏறி இறங்கும்படி பொருத்தப்பட்டு, முன்புறம் ஈக்வலைசர் பார் என்னும் கனத்த குறுக்கு இரும்பால் இணைக்கப்படுகின்றன. அதன் நடுவிலுள்ள ‘பின்’ என்னும் உருளை ஆணியில்தான் முதன்மைச் சட்டத்தின் முன்பாரம் இறங்குகிறது. பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என மூன்றே இடங்களில் அமர்வதால், மேடுபள்ளத்திலும் முக்காலியைப் போல நிற்கும் அச்சட்டம் அதிகம் முறுக்கப்படுவதில்லை. ஒரு பக்கச் செயின் கல்லின் மேல் ஏறினால், அவ்வுயரத்தில் பாதியளவே சட்டத்தின் முன்நடு எழும். அந்த ஒற்றை ஆணி இவ்வளவு செய்வது எனக்கு எப்போதும் வியப்புதான்.

பெரிய வண்டிகள் பலவற்றில் செயின் மேல் உருளும் கீழ் ரோலர்கள், போகிகள் எனப்படும் ஆடும் சிறு சட்டங்களில் தொங்கிப் பாறைக்கேற்ப அசையும். செயின் சட்டத்துக்குள் வலுவான சுருள் ஸ்பிரிங் ஒன்றும் மறைந்திருக்கிறது. அது எடையைத் தாங்குவதில்லை, முன்சக்கரமான ஐட்லர் மோதும்போது பின்வாங்க இடம் தருகிறது.

முக்கோணச் செயினை கேட்டர்பில்லர் நிறுவனம் 1977-இல் டி10 வண்டியில் அறிமுகப்படுத்தியது. செயினை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மேலே தூக்கிவிட்டதால், தரையின் அடி அதைச் சுழற்றும் கடைசிக் கியர்த் தொகுதியான ஃபைனல் டிரைவை நேரே தாக்குவதில்லை; அதைக் கழற்றி மாற்றுவதும் எளிது. பதிலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ஐட்லர்கள் வேண்டும், செயினும் நீளும். கோமட்சு நிறுவனத்தின் பெரிய புல்டோசர்கள் நீள்வட்டச் செயினுடனேயே கடும் வேலை செய்வதால், இது ஒன்றே சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன்.

பொக்லைன் எனப்படும் எக்ஸ்கவேட்டரின் கதை வேறு. அது நின்ற இடத்தில் தோண்டுவது. அடித்தளம் அசைந்தால் பக்கெட்டும் அசையும். எனவே அதன் செயின் சட்டங்கள், பெரும்பாலும் எக்ஸ் வடிவிலான நடுச்சட்டத்தோடு அசைவின்றி இறுக்கப்படுகின்றன.