ஒரு பேனலுக்கு இத்தனை ஸ்க்ரூ எதற்கு?

கேள்வி: ஹெலிகாப்டர் பராமரிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு பக்கப் பேனலைக் கழற்ற இருபதுக்கு மேல் ஸ்க்ரூ. வெட்டவெளியில் வேலை பார்க்கும்போது ஒன்றிரண்டு புல்லில் தொலைந்தும் போகிறது. எல்லாவற்றையும் கால் சுற்றில் திறக்கும் டஸ் ஃபாஸ்ட்னராக மாற்றினால் என்ன?

பதில்: முதலில் அந்தப் பேனல் வெறும் மூடியா, இல்லை உடலின் பாரத்தைத் தாங்குவதா என்று பாருங்கள். எஞ்சின் மூடி போன்றவை காற்றையும் மழையையும் தடுத்தால் போதும், தினமும் திறக்க வேண்டியவை என்பதால் அங்கே டஸ், கேம்லாக் போன்ற கால் சுற்று ஃபாஸ்ட்னர்கள் எல்லாம் பொருத்தமானவை. ஆனால் சில பக்கப் பேனல்கள் சட்டத்தோடு சேர்ந்து பாரம் சுமக்கும், அதனால்தான் அத்தனை ஸ்க்ரூவும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே கால் சுற்று ஃபாஸ்ட்னர் போட்டால் பேனல் விழாமல் நிற்கும், பாரம் மட்டும் பக்கத்துச் சட்டத்துக்கும், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கும் போய்விடும், கொஞ்ச நாளில் அங்கே விரிசல் தொடங்கும். எது எந்த வகை என்று பராமரிப்புக் கையேட்டில் இருக்கும்.

மூடி வகைதான் என்றாலும் நீங்களாக மாற்றிவிடக் கூடாது, அங்கீகாரம் பெற்ற வரைபடம் வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று நினைக்காதீர்கள். பறக்கும்போது ஒரு மூடி கழன்றால் அது வால் விசிறியில் போய் அடிக்கலாம், வால் விசிறி போனால் ஹெலிகாப்டர் சுழல ஆரம்பித்துவிடும். டஸ் உள்ளே இருப்பது வளைந்த ஒரு கம்பி ஸ்பிரிங்தான். ரோட்டர் அதிர்வில் அது தளர்ந்துவிட்டால் திருப்பும்போது 'டக்' என்று உட்காரும் அந்த உணர்வு இருக்காது. அப்படி இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். ஃபாஸ்ட்னர் தலையிலிருந்து பேனல் வரை ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், பூட்டாமல் விட்டது தூரத்திலிருந்தே தெரியும்.

சரி, ஸ்க்ரூ தொலைவதற்கு என்ன வழி? ஒரு அட்டையில் பேனலின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் துளையில் போட்டுவிட்டால் பின்னால் ஓடும் ஒயர் கற்றையையோ குழாயையோ அது உரசத் தொடங்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. திரும்பப் பூட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு மூன்று மரை கையால் ஏற்றிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். கடைசி வரை விரலாலேயே இறங்குகிறதா, அப்படியானால் துளைக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் நட்டின், அதாவது நட் பிளேட்டின், பிடிப்பு போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும். மரையில் பசை தடவிச் சமாளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: அலுமினியப் பேனலின் ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசல் ஓடுகிறது. நுனியில் ஒரு துளை போட்டால் நின்றுவிடுமா?

பதில்: தற்காலிகமாக நிற்கும், அதுவும் துளை விரிசலின் உண்மையான நுனியில் விழுந்தால். கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் விரிசல் ஓடியிருக்கும் என்பதால் சாயம் ஊடுருவும் சோதனை செய்து நுனியைக் கண்டுபிடியுங்கள். கையேடு அனுமதித்தால், அப்புறம் மேலே ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம். ரிவெட்டின் நடுப்புள்ளி தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது ரிவெட் விட்டத்தைப் போல 2 மடங்கு தள்ளி இருக்க வேண்டும், அதாவது 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். கார்பன் ஃபைபர் பேனலாக இருந்தால் அலுமினிய ரிவெட்டே வேண்டாம், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும், டைட்டானியம்தான் அங்கே சரி.